சான்றுப் பொருள்: கஹ்க், பன்னிரண்டு

மூன்றாவது கஹ்க் பலகாரத்தைப் பாதி தின்ற பிறகுதான், தனக்கு நோன்பு என்பது லுத்ஃபிக்கு நினைவு வந்தது.

அதற்காக அவர் பெரிதாகக் கலங்கவில்லை. மறந்துபோய்ச் சாப்பிட்டால் நோன்பு முறியாது, ஆண்டவன் பெருந்தன்மையுள்ளவன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது இரண்டாவது விஷயம் நினைவு வந்தது. திறந்து கிடந்த அந்தப் பெட்டி சான்றுப் பொருள். மூடியில் ஒட்டிய சீட்டில் 'கஹ்க், பன்னிரண்டு' என்று எழுதி, கீழே அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். தொழிலாளர் சட்டம் மறதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லுத்ஃபி தொழிலாளர் துறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். எகிப்தின் தன்தா நகரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை தன் அடுப்புக்காரர் ஃபர்கலியை வேலையை விட்டு நீக்கியது, சங்கம் எதிர்த்தது, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் இவர். ஊர்ப் பெண்கள் பெருநாளுக்காகப் பிசைந்து அடுக்கிய கஹ்க் தட்டுகளைக் கம்பெனி அடுப்பில் சுட்டுக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. பேக்கரி வாசலில் தட்டோடு அரை நாள் நிற்பதைவிட இது மேல் என்று பெண்களும் கொடுத்திருக்கிறார்கள். பிடிபட்டது ஒரே ஒரு தட்டு. கருப்புத் தகரம், ஒரு மூலை நசுங்கியது. தட்டு கம்பெனிக் கிடங்கில் இருந்தது. அதிலிருந்த பலகாரம் லுத்ஃபியின் மேஜைக்கு வந்திருந்தது. இப்போது அதில் ஒரு பகுதி லுத்ஃபியிடம் இருந்தது.

பத்தொன்பது வருஷ வேலை. பெருநாளுக்கு மூன்று நாள். வேலை போன மனிதனாக ஃபர்கலி பெருநாள் தொழுகைக்குப் போகக்கூடாது என்று சங்கம் எழுதிக் கேட்டிருந்தது. லுத்ஃபியும் உள்ளுக்குள் அதையேதான் விரும்பினார். நடுவர் என்பதால் வெளியே சொல்லவில்லை.

குறைந்த கணக்கைச் சரிக்கட்ட, முதலில் கடைத்தெருவுக்குப் போய் மூன்று கஹ்க் வாங்கி வந்தார். கடைச் சரக்கு பெரிதாக, வழவழப்பாக, கல்யாண வீட்டில் நுழைந்த போலீஸ்காரர்கள் மாதிரி தனித்துத் தெரிந்தது. அவற்றைச் சற்றே தட்டிக் கொட்டிச் சிறிதாக்கலாம் என்று பெட்டியைச் சாய்த்தார். பெட்டி கவிழ்ந்தது. நெய்யை வஞ்சனையில்லாமல் ஊற்றிய பலகாரம். தரையில் விழுந்த வேகத்தில் மாவாகிவிட்டது. பன்னிரண்டும் போயிற்று. ஜன்னலோரம் கொட்டியதைக் குருவிகள் தீர்த்தன. அவற்றுக்கு நோன்பில்லை.

மறுநாள் காலை, மனைவி ஸனிய்யா கொடியில் துணி காயப்போடப் போன நேரத்தில், கட்டிலுக்கடியில் இருந்த டின்னிலிருந்து பன்னிரண்டு கஹ்க்கை எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெட்டியில் அடுக்கிப் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியம். அச்சு அசலாக அதே மாதிரி. எல்லாப் பெண்களும் மாவில் ஒரே மாதிரிதான் பூ கிள்ளுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

விசாரணையில் கம்பெனி மேலாளர் எஞ்சினியர் ஹாஸிம் ஒரு மணி நேரம் பேசினார். எரிவாயு, தேய்மானம், ஒழுக்கம். ஃபர்கலி மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, கடைசி ஷிஃப்ட் முடிந்த பிறகும் அடுப்பு ஒரு மணி நேரம் சூடாகவே கிடக்கும், அந்தச் சூடு யாருக்கும் உதவாமல் புகைபோக்கி வழியாகப் போகிறதே என்று வருத்தம் என்றார்.

"யார் வீட்டுத் தட்டு அது?" என்று கேட்டார் லுத்ஃபி.

ஃபர்கலி அவரை ஒரு கணம் பார்த்தார். "அதை மட்டும் கேக்காதீங்க உஸ்தாத். நல்ல குடும்பம். வெளிய வந்தா அவங்களுக்குத்தான் சங்கடம்."

"சொன்னா உனக்கு ஒரு சாட்சியாவது கிடைக்குமேப்பா."

"வேணாம் உஸ்தாத்."

ஹாஸிம் சிரித்தார். பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "இவர் சொல்லவே வேணாம். இதோ, இடது பக்கம் மட்டும் செவந்திருக்கு பாருங்க. எங்க மூணாம் நம்பர் அடுப்புல இடப்பக்க பர்னர் கோளாறு. இந்தச் செவப்பு வேற எந்த அடுப்புலயும் வராது. சத்தியமா சொல்றேன், இது எங்க அடுப்புல வெந்தது."

லுத்ஃபி பெட்டி மூடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். தன் கட்டிலுக்கடியிலிருந்து வந்த பலகாரத்தைப் பிடித்துக்கொண்டு, நோன்பு நேரத்தில், இந்த மனுஷன் இப்படி வாய் கூசாமல் புளுகுகிறாரே. பத்தொன்பது வருஷம் உழைத்தவனை ஒழிக்க இவ்வளவு தூரம் போவார்களா? அதை வெளியே சொல்லவும் வழியில்லை. சொன்னால் ஒரிஜினல் எங்கே என்று கேட்பார்கள். ஆனால் தீர்ப்பு எழுதலாம்.

எழுதினார். கம்பெனித் தரப்பின் ஒரே சாட்சி நம்பத்தக்கவரல்ல. அதற்கான காரணம் நடுவருக்குத் தெரியும். ஃபர்கலி நாளை முதல் வேலைக்கு வரலாம். ஹாஸிமின் முகம், உண்மையைச் சொல்லி அடிவாங்கிய பள்ளிப் பிள்ளையின் முகம் போல ஆகிவிட்டது. என்ன நடிப்பு என்று லுத்ஃபி வியந்தார். ஃபர்கலி அவர் கையைப் பிடித்து, "வீட்ல சலாம் சொல்லுங்க உஸ்தாத்," என்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

மாலை பாங்கு ஒலித்து, பேரீச்சம்பழமும் சூப்பும் முடிந்ததும் ஸனிய்யா ஆரம்பித்தாள்.

"டின்ல பன்னெண்டு கொறையுது, ஹாஜி."

அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பெயர்களை மட்டும் சொல்லவில்லை, தொழில் தர்மம். ஸனிய்யா தலையிலடித்துக்கொண்டாள். நல்ல காரியம் செய்த திருப்தியில் அவர் டின்னிலிருந்து ஒன்றை எடுத்தார். கடிக்கப் போனவர் நிறுத்தினார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். அதையும் திருப்பினார். எல்லாம் இடது பக்கம் மட்டும் சிவந்திருந்தன.

"ஸனிய்யா, இதையெல்லாம் நீ எங்க சுட்ட?"

"எங்க சுடுவேன், ஃபர்கலி அண்ணன்கிட்டதான் குடுத்தேன். அஞ்சு தட்டு போச்சு, நாலுதான் வந்துச்சு. அந்த மூலை நசுங்கின தட்டை ஏதோ விசாரணைன்னு பிடிச்சு வச்சிருக்காங்களாம். நீங்கதான் அங்கயெல்லாம் நாலு பேரைத் தெரிஞ்சவராச்சே, கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வாங்க."