நாற்பத்தொன்றாவது பல்

மாதுங்கா, மும்பை - 19
11-02-2025, செவ்வாய்க்கிழமை, காலை மணி 6.10

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி வேங்கடசுப்ரமணியன் அவர்களின் சமூகத்துக்கு, பத்ரிநாராயணன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நால்வரும் சௌக்கியம், என் இடது கட்டைவிரல் நீங்கலாக. அங்கே தாங்கள் பூரண ஆரோக்கியத்துடன் இருப்பதை நேற்று மாலை 7.40க்குத் தொலைபேசியில் எழுந்த தங்கள் குரலின் பலத்திலிருந்தே அறிந்துகொண்டேன்.

"ஜனவரி பன்னண்டுலேர்ந்து அஞ்சு ஞாயித்துக்கிழமையா என் பொண்ணு செம்பூருக்குச் சாப்பிட வரலை. எங்கதான் போறா?" என்று கேட்டீர்கள். ஐந்து என்பது சரி, நாட்காட்டியில் சரிபார்த்துவிட்டேன். "ஆபீஸ்ல டிரெயினிங்" என்று நான் சொன்னதுதான் சரியல்ல. தொலைபேசியில் தேதிகளை நிதானமாகச் சொல்ல முடியாதாகையால், செம்பூர் கூப்பிடு தூரத்தில் இருந்தும் எழுத்து மூலம் உண்மையைச் சமர்ப்பிக்கிறேன். உட்கார்ந்துகொண்டு வாசிக்கவும்.

ஹரிதா மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறாள். சாலையில் அல்ல, நகருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுபாதையில், உரிய அனுமதியுடன், வாசலில் ஆம்புலன்ஸ் நிற்க, இருநூறு மீட்டர் நேர்கோட்டில், பக்கத்தில் ஒரே ஒரு வண்டியுடன். நூற்றைம்பது சி.சி.க்கு உட்பட்ட சின்ன வண்டிகள்தான். தாங்கள் காபியை ஒரு தடவை ஆற்றுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது ஸ்கூட்டர் கேட்டதும், தாங்கள் மூன்று நாள் பேசாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். தேதி தெரியாதது மட்டும் என்னை உறுத்துகிறது. இப்போது 9-3-2025 ஞாயிறன்று இறுதிச்சுற்று. அதற்குத் தகுதி பெற்ற பிறகு, "அப்பாகிட்ட பொய் சொல்லிண்டு ஃபைனல் ஓட்ட மாட்டேன். அவர் வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே தங்கள் சம்மதத்தைக் கோருவதே இக்கடிதத்தின் நோக்கம். இன்னொரு நோக்கமும் உண்டு; அது தங்கள் மீதான ஒரு சிறு புகார்.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டியின் முன்பக்கம் என்ஜினோடு ஒரு சின்னப் பல்சக்கரம், பின்சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரம், இரண்டையும் இணைப்பது செயின். பட்டறையில் இதை ஸ்பிராக்கெட் என்பார்கள். பின்னால் பல் கூடினால் வண்டி ஸ்லோ லோக்கல் ரயில் மாதிரி, நின்ற இடத்திலிருந்து துள்ளிக் கிளம்பும். ஆனால் கோட்டைத் தொடுமுன்பே என்ஜினுக்கு மூச்சு முட்டிவிடும். பல் குறைந்தால் ஃபாஸ்ட் லோக்கல். தூரம் போகப்போக வேகம் வரும், ஆனால் கிளம்புவதற்குள் அடுத்தவன் போய்விடுவான். மூச்சும் கோடும் ஒரே நொடியில் முடிய வேண்டும். அந்த ஒரே எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் கலை! ரயில்வே கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்கள்? இதைத்தான்! 31-5-2012 அன்று ஓய்வு பெற்ற பிறகு இப்படியொரு சந்தோஷம் எனக்கு வாய்க்கும் என்று நான் நினைக்கவே இல்லை. டயரின் சுற்றளவை நூல் பிடித்து அளந்தேன். வண்டியைத் தராசில் ஏற்றி நிறுத்தேன், பெட்ரோலை நிறுத்தேன், செயினைத் தனியே கழற்றி நிறுத்தேன். தங்கள் மாப்பிள்ளை கிருஷ்ணா குடை பிடிப்பதோடு சரி, அவனை நம்பிப் பிரயோசனமில்லை.

கணக்குக்கு மீதி வேண்டியிருந்தது ஓட்டுபவரின் எடை. மாட்டுப்பெண்ணிடம் போய், "அம்மா, உன் எடை என்ன?" என்று மாமனார் கேட்க முடியுமா? தாங்களே சொல்லுங்கள். என் மனைவி வாலாம்பாளைக் கேட்கச் சொன்னேன். "எனக்குத் தலைக்குமேல வேலை கெடக்கு, நன்னா இருக்கிற ஆம்படையான் கேக்கற கேள்வியா இது?" என்றாள். அப்போது நினைவுக்கு வந்தது, 12-11-2017 ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தன்று, பாயசம் பரிமாறும்போது, தாங்கள் எங்களிடம் சொன்னது: "பொண்ணு ஐம்பது கிலோகூட இருக்க மாட்டா, ஒரு சுத்து சதை போட்டா நன்னாயிருக்கும்." சம்பந்தி வாக்கு. ஐம்பது என்றே வைத்துக் கணக்குப் போட்டேன். முன்னால் பதினான்கு பல், பின்னால் நாற்பது. அடித்துச் சொல்கிறேன், நாற்பது!

23-1-2025 வியாழக்கிழமை, தாராவியில் நாகூர் மீரான் பட்டறையில் சீட்டெழுதிக் கொடுத்தேன். அவர் திருநெல்வேலிக்காரர், பல் வெட்டுவதில் கை தேர்ந்தவர். மறுநாள் சீட்டில் எண்ணெய் பட்டுவிட்டது என்று வீட்டுக்கு ஃபோன் செய்திருக்கிறார். நான் ஸ்நானத்தில் இருந்தேன். எடுத்தது வாலாம்பாள். "மாமி, பின்னாடிக்கு நாப்பதுதானே?" என்று அவர் கேட்க, இவள் என்ன சொன்னாள் தெரியுமோ? "முழுசா நாப்பதுன்னு நிறுத்தப்படாது. ஒண்ணு கூட்டிப் போடுங்கோ!"

எனக்கு இது தெரியாது. 9-2-2025 காலை, தகுதிச்சுற்று ஓட்டத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம் இருக்கையில், வழக்கம்போல ஒரு பல்லில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. மூன்றாவது தடவை கட்டைவிரல் செயினுக்குள் போய்விட்டது.

"மீரான்! ஒரு பல் அதிகம்!" என்று, சக்கரத்தை மாட்டிவிட வந்திருந்தவரைப் பார்த்துக் கத்தினேன்.

"மாமிதான் சொன்னாவ. ஒத்தப் பல்லுக்கா அய்யா இப்பிடி வேர்க்குது ஒங்களுக்கு? பல்லு வுழுந்தாத்தான் கவலப்படணும், மொளச்சா என்ன?" என்கிறார் அந்த மனுஷர்!

வாலாம்பாளுக்கு ஃபோன் போட்டேன். "கல்யாணத்துல வெச்சுக் குடுக்கறச்சே நூறுன்னா குடுப்போம்? நூத்தியொண்ணுதானே? நல்ல காரியத்துல முழு எண்ணாவா நிறுத்துவா? எல்லாம் நல்லதுக்குத்தான், நான் பாலை அடுப்புல வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

மாற்றுச் சக்கரம் கையில் இல்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ஹரிதாவோ, "அரே அப்பா, ஹோ கயா, ஆனது ஆயிடுத்து. ஒரு பல்லுதானே, நான் பாத்துக்கறேன்" என்று கையுறையை மாட்டிக்கொண்டாள். எதிரே வடாலாவைச் சேர்ந்த தௌசீப், போன வருஷம் ஜெயித்தவன். இவளைப் பார்த்து, அக்கா முறை வைத்து, "தீதி, சமையல் கேஸை அணைச்சிட்டு வந்தீங்களா?" என்றான். "அணைச்சிட்டேன்டா. நீ பின்னாடியே வா, புகை வாசனை மட்டும் புடிச்சிண்டு" என்றாளே பார்க்கணும்!

சம்பந்தி, பச்சை விழுந்தது! எனக்கு எழுதவே கை ஓடவில்லை. நம்ம பொண்ணு வில்லிலிருந்து விட்ட மாதிரி போறாள், தௌசீப் பக்கத்துலயே வரான், மூணாவது கியர், நாலாவது, என்ஜின் இதோ மூச்சு முட்டப்போறது முட்டப்போறதுன்னு நான் கண்ணை மூடிண்டுட்டேன், மீரான் என் தோளைப் பிடிச்சு உலுக்கறார், கிருஷ்ணா குடையைத் தூக்கி எறிஞ்சுட்டான்! 9.87 விநாடி. தௌசீப் 9.91. மூச்சும் கோடும் ஒண்ணா முடிஞ்சுது!

ஆனால் நாற்பத்தொன்று எப்படிச் சரியாகும்? அன்று மாலையே உட்கார்ந்து கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன். ஓட்டுபவர் ஐம்பத்தேழு கிலோ இருந்தால் மட்டுமே சரியாகும். ஆக, 12-11-2017 அன்று தாங்கள் கூறியதில் ஏழு கிலோ பிழை. இதுவே என் புகார். இறுதிச்சுற்று நானூறு மீட்டர். புதுப் பல்சக்கரம் வெட்ட வேண்டும். பெற்றவர் என்ற முறையில் சரியான எடையைத் தாங்கள்தான் எழுத்தில் தர வேண்டும். ஹரிதாவுக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது என்பதால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதத் துணிந்தேன்.

சம்மதத்தையும் எடையையும் ஒரே தாளில் அனுப்பினால் போதும். தாங்களும் மாமியும் நீண்ட ஆயுளோடு, இரத்த அழுத்தம் ஏறாமல், எங்கள் எல்லோரையும் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
மா. பத்ரிநாராயணன்

பின்குறிப்பு, அதே நாள், மாலை 4.25: மேஜைமேல் வைத்திருந்த இக்கடிதத்தை வாலாம்பாள் எடுத்து, ஹரிதாவுக்கு ஆரம்பம் முதல் உரக்க, கை ஜாடையுடன், வாசித்துக் காட்டிவிட்டாள். இருவரும் நான்கு நிமிஷம் சிரித்தார்கள். பிறகு ஹரிதா கட்டிலுக்கடியிலிருந்து எடை இயந்திரத்தை இழுத்து என் எதிரிலேயே ஏறி நின்றாள். 50.300. அப்புறம் தோல் சட்டை, பூட்ஸ், கையுறை, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறினாள். 57.100. செயினைக்கூட நிறுத்தவன் அவள் உடுப்பை நிறுக்க மறந்துவிட்டேன். முன்னூறு கிராம் போக, தங்கள் வாக்கு ஏழு வருஷமாகச் சத்தியமாகவே இருந்திருக்கிறது. புகாரை வாபஸ் பெறுகிறேன்.

கடிதத்தைத் தபாலில் சேர்க்கவும் விடவில்லை. 16-2-2025 ஞாயிறு காலை, குர்லாவில் ரயில் மாறி, அவளே கொண்டு வருகிறாள். ஆகவே இந்த வரியைத் தாங்கள் வாசிக்கையில் எதிரே நின்றுகொண்டிருப்பாள். வாசித்து முடிக்கும்வரை பேசுவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். கையிலுள்ள பையில் இருப்பது தலைக்கவசம். சம்மதமானால் தாங்களே அதை அவள் தலையில் மாட்டிவிட வேண்டுமாம். இல்லையென்றால் வாங்கி உள்ளே வைத்துவிடலாம். மறுபேச்சு பேச மாட்டாள். எதுவானாலும் இரண்டு கையாலும் வாங்குங்கள். ஒரு கிலோ நானூற்றைம்பது கிராம். இந்தத் தடவை நிறுத்துவிட்டேன்.