மேற்படி மைத்துனர்

மூன்றாவது நோட்டீஸ் வந்தபோது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது, தொழில் அப்படி.

"வரி பாக்கியைத்தான் வட்டியோட கட்டியாச்சே! இன்னும் என்னவாம்?" என்றாள் மனைவி.

"நான் எழுதுன விளக்கம் போதலையாம்."

"போன தடவை எத்தனை பக்கம் எழுதுனீங்க?"

"பதினொண்ணு."

முதல் நோட்டீஸ் ஒரே வரிதான்: மூன்று வருட வரியை ஏன் கட்டவில்லை? 'கையில் பணம் இல்லை' என்று எழுதித் தப்பித்திருக்கலாம். மனிதர் உண்மையை எழுதினார். வரிப் பணத்தை வருடா வருடம் மேல் துளை வழியாகக் கடையின் இரும்புப் பெட்டியில் போட்டுவந்தார். பெட்டிச் சாவி மனைவியின் தம்பியிடம் இருந்தது. அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். போய்ச் சாவியைக் கேட்டால் மானம் என்ன ஆவது? கடைசியில் பெட்டியை உடைத்துப் பணத்தைக் கட்டி, ரசீதையும் இணைத்திருந்தார்.

இரண்டாவது நோட்டீஸ், 'மேற்படி மைத்துனர் வெளியேறிய சூழ்நிலையை விரிவாகத் தெரிவிக்கவும்' என்றது. தெரிவித்தார். மச்சான் ஒரு வாடிக்கையாளருக்கு இடக்கண் வில்லையை வலப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டான். அவர் நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "காபி எங்கே?" என்று கேட்டார். கதை கடைக்கு வந்ததும் இவர் எல்லோர் முன்னாலும் விழுந்து விழுந்து சிரித்தார். மச்சான் அன்றைக்குப் போனவன்தான்.

மூன்றாவது நோட்டீஸில் இருந்தது இது: 'மேற்படி மைத்துனரை நேரில் ஆஜர்படுத்தவும்.'

"என் தம்பியைக் காட்டிக் குடுத்துட்டீங்களா? அவனை உள்ள வெச்சா, இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு கிடையாது!"

"கடைக்குச் சீல் வெச்சா, உனக்கும்தான் கிடையாது."

மச்சான் கோபித்துப் போன மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கடைக்காரர் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மாப்ளே, உன்னைக் கூப்பிடுறாங்க."

"யாரு மாமா, அக்காவா?"

"வரி ஆபீஸ்."

இருவரும் உள்ளே நுழைந்ததும் அலுவலகத்தில் அத்தனை தலையும் நிமிர்ந்தது. பெண் அதிகாரி கோப்பைத் திறந்து மச்சானிடம் நீட்டினார்.

"ஒன்பதாம் பக்கம், கடைசி வரி. சத்தமா வாசிங்க."

வாசித்தான். "சிரித்தது என் தப்பு. அவனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே, தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்."

மச்சான் கோப்பை மூடினான். "எனக்கே ஒரு வரி போட்டிருக்கலாமே மாமா." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான்.

"பெட்டியை உடைச்சுட்டேன்டா."

"பரவால்ல, வெச்சுக்குங்க."

கடைக்காரர் அதிகாரியைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மா, அபராதம் எவ்வளவானாலும் என் பேர்ல போடுங்க. இவனை விட்டுடுங்க."

அதிகாரி கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்த பியூன்தான் பதில் சொன்னார்:

"உங்க ஃபைலை முதல் கடிதத்தோடவே மூடியாச்சு சார். மச்சான் திரும்பி வந்தாரா இல்லையான்னு தெரியாமத்தான் இங்க யாருக்கும் வேலை ஓடலை!"