ஓட்டுக் கேட்டுப் பீடி பிடித்தவர்

சென்னையில் பீடி பிடிப்பவர்கள் ஏராளம். பற்றவைக்கும் முன் தேர்தல் நடத்தியவர் ஒருவர்தான். விம்கோ நகர் பேருந்து நிறுத்தத்தில் அவர் பெயர் ஓட்டுப்பெட்டி. நான் அவரை முதன்முதலில் பார்த்த காலையில் நடந்தவை, வரிசைப்படி:

1. அவர் ஒரு பீடியை எடுத்தார். பற்றவைக்காமல், ஏலம் போடுவதுபோல் தூக்கிக் காட்டினார்.

2. "ஒரே ஒரு பீடி. யாருக்கனா ஆட்சேபணை கீதா?" என்றார்.

3. நின்றிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இல்ல, இல்ல" என்றார்கள். நெடுநாள் பழக்கம்.

4. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நான் கை தூக்கினேன்.

5. நிறுத்தமே திரும்பி என்னைப் பார்த்தது.

6. "ஒரு கை எய்ந்தாலும் நான் அவுட்டு" என்று அறிவித்துவிட்டு, அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

அவர் என்ன இழந்தார் என்பது, என் கம்பெனி பஸ்ஸிலேயே அவரும் ஏறியபிறகுதான் எனக்குப் புரிந்தது. எண்ணூர் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவர் வெல்டர். வாசலிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துவிடுவார்கள். நாள் முழுக்க நெருப்போடு வேலை. ஒரு பீடிக்கு நெருப்பு கிடையாது. நிறுத்தத்தில் பிடிப்பதுதான் ஷிப்ட் முடியும்வரை அவருக்குக் கடைசி. தீப்பெட்டி வாங்கும் விதியைக் காவல்காப்பது அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பொறியாளர். அது நான்.

என் தரப்பிலும் நியாயம் இருந்தது. எனக்குச் சிறுவயது முதலே வீசிங். பையில் சாப்பாடு இல்லாமல் கிளம்பினாலும் இன்ஹேலர் இல்லாமல் கிளம்பமாட்டேன். போதாததற்குப் பேருந்து நிறுத்தம் பொது இடம். சட்டம், மருத்துவம், பொறியியல் மூன்றும் என் பக்கம். நிறுத்தத்தில் மட்டும் ஒரு ஆள்கூட என் பக்கம் இல்லை.

"இஸ்ட்டத்துக்கு ஊதுனா பேஜாரு. கேட்டுக்கினு ஊதுனா மரியாதை." இது அவருடைய அரசியல் சாசனம். பாதிப் பீடியில் புதிதாக ஒருவர் வந்து நின்றால் அணைத்துவிட்டு மறுதேர்தல். ஒருநாள் நாய் தும்மியது. அதையும் எதிர் ஓட்டாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார். கன்டெய்னர் லாரி கரும்புகையை எங்கள்மேல் அள்ளிக் கொட்டிவிட்டுப் போகும்போது மட்டும் ஏக்கத்தோடு பார்ப்பார். "பாரு, ஓட்டே கேக்காம ஜெயிச்சிட்டுப் போறான்."

நான் தினமும் கை தூக்கினேன். மீன்கூடையோடு அங்கே பஸ்ஸுக்கு நிற்கும் அக்கா ஒருநாள் பொங்கிவிட்டார்.

"ஏம்மா, அந்தாளு ஒரு பீடி அடிச்சா உன் வூட்டுக் கூரையா பத்திக்கும்?"

"எனக்கு மூச்சு இழுக்கும்க்கா."

"என் கூடை நாத்தத்துக்கு எவன்கிட்டனா ஓட்டு கேட்டேனா? மூக்கைப் புட்ச்சிக்கினு போறாங்க இல்ல?"

"அக்கா, நீ வுடு" என்றார் ஓட்டுப்பெட்டி. "எதிர்க்கட்சி இல்லாத ஊரு உருப்படாது."

அதுதான் என்னை உறுத்தியது. திட்டியிருந்தால் சட்டப்பிரிவைச் சொல்லியிருப்பேன். மரியாதையாகத் தோற்கிறவரிடம் என்ன செய்வது? பொறியாளர்கள் செய்வதைச் செய்தேன்: திட்டம் போட்டேன். ஒரு காலையில் நிறுத்தத்தில் ஊதுபத்தி கொளுத்தினேன். அக்கா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். புகை நேராகச் சாலையைத் தாண்டிக் கடல் பக்கம் போனது. உடனே நிழற்குடைக்கு வெளியே, சாலை ஓரமாகச் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, "உங்க இடம் இது. கோட்டைத் தாண்டாதீங்க. இதுக்குள்ள ஓட்டே வேணாம்" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். பீடிக்கும் எனக்கும் சமாதானம் ஆயிற்று. நான் அன்று அலுவலகத்தில் காரணமில்லாமல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் எங்கள் இருவருக்கும் மதிய ஷிப்ட். திருவொற்றியூரில் பிறந்து, மொட்டைமாடியில் காற்றாடி விட்டு வளர்ந்த நான், மதியமானால் காற்று கடலிலிருந்து திரும்பி வீசும் என்பதை மறந்துபோனேன். அவர் கட்டத்துக்குள் நின்று பற்றவைத்தார். புகை மொத்தமும் நிழற்குடைக்குள் என்னைத் தேடி வந்தது.

"அண்ணே... தள்ளி..." என்று இருமினேன்.

"கோட்டைத் தாண்டக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன?"

எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும்தான் பீடியை வீசிவிட்டு ஓடிவந்தார். பையைத் தலைகீழாகக் கொட்டி இன்ஹேலரைத் தேடினார். மிச்ச மீனோடு திரும்பிக்கொண்டிருந்த அக்கா, மயக்கம் என்று நினைத்து, கூடையில் உருகியிருந்த ஐஸ் தண்ணீரை என் முகத்தில் அடித்தார். இரண்டு நெத்திலியும் வந்தன. கம்பெனி பஸ் வந்தது, போனது. எனக்கு மூச்சு சீராகும்வரை அவர் நகரவில்லை.

மறுநாள் நிறுத்தத்தில் அவர் இல்லை. வேலையை விட்டுவிட்டாரோ என்று சாலையை எட்டி எட்டிப் பார்த்தேன். பஸ் வந்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தார், ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு எனக்கு இடம்பிடித்தபடி. முந்தின நிறுத்தம்வரை நடந்துபோய், அங்கே பீடியைப் பிடித்து முடித்துவிட்டு ஏறியிருக்கிறார்.

"அங்க யார்கிட்டண்ணே ஓட்டு கேட்டீங்க?"

"அங்க ஒரு ஈ காக்கா இல்லம்மா. நானே கேட்டு, நானே தலையாட்டிக்கினேன். போட்டியில்லாத எலெக்ஷன். சப்புன்னு கீது."

இப்போதைய நிலவரம் இது. எங்கள் நிறுத்தத்தில் இன்று நாலைந்து பேர் புகைக்கிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை, நான் கேட்டால் முறைக்கிறார்கள். அவர் இன்னமும் முந்தின நிறுத்தத்தில்தான் ஏறுகிறார். அங்கே கூரை கிடையாது. அதனால் மழை நாட்களில் மட்டும் எங்கள் நிறுத்தத்துக்கே வரச் சொல்லியிருக்கிறேன். சட்டப்படி அது தப்பு. பாதுகாப்புப் பொறியாளரான எனக்கு அது நன்றாகவே தெரியும். அவர் கூரைக்குள் நின்று பிடித்து முடிக்கும்வரை, நான் குடையோடு வெளியே நிற்கிறேன்.