ஜாதிக்காய் அம்மாவுக்கு நான் சொன்ன யோசனைகள்

ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற ஆளிடம் வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் ஏணி இல்லை என்பான். அந்த ஆள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி ரேகா இதைப் படித்துவிட்டு, முக்கியமான சங்கதியை நான் மறைத்துவிட்டதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அப்பா இறந்த நாலாவது மாதம், 'சாய்மானம்' என்று ஒரு குழு ஆரம்பித்தேன். கேரளத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் யாரையாவது இழந்தவர்கள் கைபேசியில் கூடிப் பேச ஓர் இடம். எங்களுக்குப் பள்ளிக்கூடம், பஸ், சாயா, சண்டை எல்லாம் மலையாளத்தில் நடந்துவிடும். அழுகை மட்டும் தமிழில்தான் வருகிறது. பத்து மாதத்தில் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். அவர்கள் எழுதுவதைப் படித்துப் பதில் சொல்ல, சம்பளமில்லாத தொண்டர்கள் நாலு பேர். அதில் நான் தலைவன். (தலைவன் என்று யாரும் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டதுதான்.)

குழுவின் முதல் விதி, உண்மைப் பெயர், ஊர், வேலை எதையும் சொல்லக் கூடாது. எல்லோருக்கும் புனைபெயர், செயலியில் போன் நம்பரும் தெரியாது. அப்பா நாற்பது வருஷம் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை பார்த்தவர். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி மாட்டினால் வீடே ரசம் வைத்த மாதிரி மணக்கும். அதனால் பெயர்களையெல்லாம் அந்த பஜாரிலிருந்தே எடுத்தேன். நான் சுக்கு. திருப்பூணித்துறையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் தொண்டர், அவர் கிராம்பு. கலூரில் என் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், "பெருங்காயம் ரெண்டு நாளா எதுவும் பேசலை, சீரகத்தைக் கொஞ்சம் பாத்துக்கோங்க டீச்சர்" என்று நான் போனில் சொல்வதைக் கேட்டு, பக்கத்து மேஜைக்காரர் நான் ஹோட்டல் திறக்கப்போவதாக முடிவு செய்துவிட்டார்.

இரண்டாவது விதி, பேசுகிறவரை நிறுத்தக் கூடாது. 'அழாதீர்கள்' என்று சொல்லவே கூடாது. 'புரிகிறது, சொல்லுங்கள்' என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். இந்த விதியை எழுதியவனும் நானே. தொண்டர்களுக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு வேறு எடுத்தேன்.

இப்போது வீட்டுக்கு வருவோம். வீட்டில் அம்மா, ரேகா, நான். அம்மா சில சமயம், "உங்க அப்பா இருந்தப்போ..." என்று ஆரம்பிப்பார். உடனே எனக்கு ஒரு போன் வரும். (வராது. வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன்.) நான் திரும்பி வரும்போது அம்மா அடுக்களைக்குப் போயிருப்பார். அம்மா அழாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. இப்படிப் பதினாலு மாதமாக அப்பாவின் பெயரே வீட்டில் புழங்காமல் பார்த்துக்கொண்டேன். கேஸ் இணைப்பு இன்னும் கங்காதரன் என்ற அவர் பெயரில்தான் இருந்தது. மாற்றுவதற்கு மரணச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்கு நேரமில்லை, குழுவில் அத்தனை வேலை.

அந்தச் சமயத்தில்தான் ஜாதிக்காய் அம்மா குழுவில் சேர்ந்தார்.

கணவரை இழந்தவர் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு எழுதுவார். அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முதல் வாரத்தில் எழுதினார்: "எனக்கு ஒரு மகன். வீட்டில் இருப்பான். ஆனால் இருக்கமாட்டான்." எனக்குச் சிலிர்த்துவிட்டது. தொண்டர் வகுப்பில் அந்த வரியை எடுத்துக்காட்டாகச் சொல்லி, "இப்படியும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாருங்கள்" என்று தலையை ஆட்டினேன்.

அவர் கணவரைப் பற்றி ஏதேதோ எழுதுவார். நேந்திரம்பழத்தைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவாராம். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவாராம். என் அப்பாவும் அப்படித்தான். ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் போல என்று நினைத்துக்கொண்டு, "புரிகிறது, சொல்லுங்கள்" என்று போட்டேன். சொந்த அப்பாவை எழுத்தில் பார்த்து அடையாளம் தெரியாதவன் இந்தக் கொச்சியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மகனைப் பற்றி அவர் எழுத எழுத எனக்கு ரத்தம் கொதித்தது. விதிகளை எழுதியவனே விதியை மீறி யோசனை சொல்ல ஆரம்பித்தேன். "நீங்கள் அவருக்கு வேலைக்காரி இல்லை அம்மா. ஒரு நாள் காலையில் எதுவும் சமைக்காமல் இருந்து பாருங்கள். வயிறு காய்ந்தால்தான் அப்படிப்பட்டவர்களுக்குப் புத்தி வரும்" என்று எழுதினேன். "செய்து பார்க்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் புட்டு இல்லை.

"என்ன, இன்னிக்கு ஒண்ணும் ஆக்கலையா?" என்றேன்.

"அரிசிமாவு இருக்கு. தேங்கா இருக்கு. கையும் ரெண்டு இருக்கல்லோ நினக்கு" என்று அம்மா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். ரேகா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பேக்கரியில் ஒரு பழம்பொரி வாங்கிக் கடித்துக்கொண்டே ஆபீசுக்குப் போகும் படகில் ஏறினேன். மூன்று நாள் இதே கதை.

அடுத்த வாரம் இன்னொரு யோசனை: "உங்கள் கணவரின் பொருட்களை அலமாரியில் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? எடுத்து வெளியில் வையுங்கள். உங்கள் மகனுக்குப் பார்க்கப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளட்டும்." மறுநாள் எங்கள் முன்னறை ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கியது. பக்கத்தில் அவருடைய குடை. எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். ஆபீசிலிருந்து வருவதற்குள் சட்டை மறுபடியும் ஆணிக்கு வந்திருந்தது.

தொண்டர்களின் தனிக் குழுவில் புலம்பினேன்: "எங்கள் அம்மா கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கிறார். ஜாதிக்காய் அம்மாவின் மகனைப் போல ஒருவன் வாய்த்திருந்தால் நியாயம். எனக்கு ஏன் இந்தச் சோதனை?" கிராம்பு டீச்சர் "ம்" என்று மட்டும் பதில் போட்டார்.

இதற்கடுத்து நடந்தது ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மாதம் ஒருமுறை எல்லோரும் வீடியோ கூட்டத்தில் சேருவோம். முகம் காட்ட வேண்டாம். பேசத் தயங்குகிறவர்கள் எழுதிப் போட்டால் டீச்சர் வாசிப்பார். அன்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். ரேகா வெளியே போயிருந்தாள். அம்மா பின்னறையில் தூங்குவதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் முன்னறையில், காதைச் சுத்தமாக மூடுகிற பெரிய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது.

அன்றுதான் ஜாதிக்காய் அம்மா முதல்முறையாகக் கூட்டத்துக்கு வந்தார். அவர் எழுதியதை டீச்சர் வாசித்தார்: "எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவர் பெயரைச் சொன்னால் என் மகன் எழுந்து போகாமல் இருந்தால் போதும்." யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. கல்நெஞ்சுக்காரர்கள் சிலர் உண்டு. பெற்ற அம்மாவின் கண்ணீருக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாதவன் என்ன மனுஷன்?" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. என் பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்போது ஹெட்போனில் ஒரு குருவி கத்தியது.

காலிங் பெல். ஜாதிக்காய் அம்மா தெரியாமல் மைக்கைத் திறந்து வைத்திருக்கிறார் போல. எங்கள் வீட்டு பெல்லும் குருவிதான். அப்பா வாங்கியது. பேட்டரி போய்க்கொண்டிருப்பதால் கடைசியில் அந்தக் குருவிக்கு மூச்சு இழுக்கும். இந்தக் குருவிக்கும் இழுத்தது. அதே கம்பெனி போலிருக்கிறது, எல்லாமே இப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்தேன். (ஆமாம். அப்போதும் அதுதான் நினைத்தேன்.)

"ஜாதிக்காய் அம்மா, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். போய்த் திறந்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறோம்" என்றேன்.

அவர் எழுதினார். டீச்சர் வாசித்தார்: "மகன் இருக்கான். திறப்பான்."

"அவர் எங்கே அம்மா திறக்கப்போகிறார்? காதில் எதையாவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்."

குருவி மறுபடி கத்தியது. மூன்றாவது தடவை கத்திய பிறகு, என் பக்கத்து ஜன்னல் கம்பியை யாரோ தடதடவென்று தட்டினார்கள். திரும்பினேன். காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள். இதற்கு முன் பார்த்ததில்லை. ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினேன்.

"கங்காதரன் சாரில்லே? கேஸ்!"

இந்தக் காதில் கேட்டது. அரை நொடி கழித்து, ஹெட்போன் இருந்த காதிலும் கேட்டது. 'கங்காதரன் சாரில்லே? கேஸ்!'

அதற்கப்புறமும் நான் எழுந்து கதவைத் திறந்தது எப்படி என்று தெரியவில்லை. ஹெட்போன் ஒயர் இழுத்ததில் மடிக்கணினி கூடவே வந்தது. அதை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"சார் எவிடே போயி?" என்று கேட்டான் அந்த ஆள். சாதாரணமாகத்தான் கேட்டான். எங்கே போயிருக்கிறார், கடைக்கா, குளிக்கவா என்று கேட்கிற மாதிரி.

பதினாலு மாதத்தில் என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நூற்றுச் சொச்சம் பேருக்கு ஆறுதல் சொன்ன வாய் திறந்தபடியே நின்றது.

பின்னறைக் கதவு திறந்தது. அம்மா வந்தார். கையில் அப்பாவின் பழைய போன். அதன் திரையில் நாற்பது சின்னக் கட்டங்கள். நடுவில் ஒன்று, மடிக்கணினியை இடுப்பில் வைத்திருந்ததால் கேமராவை அமுக்கித் திறந்துவிட்ட என்னுடையது. அதில் என் பனியனும் தொப்பையும் தெரிந்தன.

அம்மா கேஸ்காரனிடம் சொன்னார்: "அவர் மரிச்சுட்டார் மோனே. பதினாலு மாசம் ஆச்சு. பேர் மாத்தணும். இவனுக்கு மனசு வரலை."

அதுவும் எனக்கு இரண்டு தடவை கேட்டது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அவன் இறக்கி வைத்த சிலிண்டர். அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அப்பா போன பிறகு நான் அழுதது அதுதான் முதல் தடவை. கேஸ்காரன் மிரண்டுபோய், "சேட்டா, அது நிறஞ்ச சிலிண்டராணு, பதுக்கே, மெல்லே" என்றான். கொஞ்சம் பொறுத்து, மிகவும் தயங்கி, "அம்மே, ஓடிபி..." என்றான். அது அப்பாவின் நம்பருக்குத்தான் வரும். அம்மா அந்த போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து நாலு எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார்.

நான் அழுகையை நிறுத்த முயன்றபோது காதில் டீச்சரின் குரல் வந்தது. "சுக்கு சார், உங்க மைக்கும் திறந்துதான் இருக்கு. பரவாயில்ல. புரியுது, சொல்லுங்க."

அதற்குப் பிறகு ஒரு சிரிப்புச் சத்தம். கூட்டங்களில் ஒரு தடவைகூட வாய் திறக்காத பெருங்காயம் சிரித்தது அது. ஒருவர் சிரித்தால் போதாதா? நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அதைப் போன்ற அவமானமான, நிம்மதியான பத்து நிமிஷம் வேறில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு இதையெல்லாம் போனில் போட்டுக் கொடுத்தது யாரு?"

அம்மா ரேகாவைப் பார்த்தார். ரேகா மின்விசிறியைப் பார்த்தாள்.

"சுக்கு நான்தான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வாரமே தெரியும். நான் இங்க எழுதி அனுப்பினா, முன்னறையில டிங்குன்னு கேக்கும். ஒடனே நீ போனை எடுப்பே. பின்ன, பேரெல்லாம் கிடங்குப் பேரு. வேற ஆரு வெப்பா?"

"தெரிஞ்சுமா எழுதினே? கல்நெஞ்சுக்காரன், மனுஷனே இல்லைன்னு நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டா இருந்தே?"

"பின்னே? அதெல்லாம் சரியாத்தானே சொல்லியிருந்தே" என்றார் அம்மா. பிறகு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "நேர்ல பறஞ்சா நீ எழுந்து போயிடுவே மோனே. அதுல மட்டும்தான் நீ உக்காந்து கேட்டே."

நான் போன் வந்த மாதிரி எழுந்து போகவில்லை. அம்மா அப்பாவின் குடைக் கதையை முதலிலிருந்து சொன்னார். ஏற்கெனவே படித்ததுதான். ஆனாலும் இப்போதுதான் அது என் அப்பா என்று தெரிந்தது.

மறுவாரம் அம்மாவும் நானும் கேஸ் ஏஜென்சிக்குப் போய் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றினோம். போன் நம்பரை மட்டும் மாற்றக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். குழுவுக்கு இப்போது கிராம்பு டீச்சர்தான் தலைவர். நான் விதிகளை மீறியதற்காகத் தொண்டர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, சாதாரண உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டேன். புதுப் பெயர் வைக்க ஓட்டெடுப்பு நடந்தது. ஒருமனதாகக் 'கல்லுப்பு' என்று வைத்தார்கள். ஜாதிக்காய் அம்மா இப்போது தொண்டர். என்னுடைய பதில்களை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறார். புதுத் தொண்டர்களுக்கான வகுப்பில், எப்படி எழுதக் கூடாது என்பதற்கு அவைதான் பாடம்.

அந்தக் காலிங் பெல்லுக்குப் புது பேட்டரி போட நான் இரண்டு தடவை முயன்றேன். அம்மா விடவில்லை. அது கத்தும்போதெல்லாம், கதவுக்கு ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாலும், அம்மா அசைவதில்லை. ரேகாவும் அசைவதில்லை. பாலக்காட்டிலிருந்து விருந்துக்கு வரும் சொந்தக்காரர்கள்கூட இப்போது கற்றுக்கொண்டுவிட்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்து, "மகன் இருக்கான். திறப்பான்" என்கிறார்கள்.

நான் குளியலறையில் சோப்பு நுரையோடு இருந்தாலும் சரி, துண்டைச் சுற்றிக்கொண்டு போய்த் திறந்துவிடுகிறேன்.