தோற்கிற பக்கத்து லோன்றி அக்கா

ஒரே ஆட்டத்தில் ஆறு தடவை கட்சி மாறியும் இரண்டு கட்சிக்காரரிடமும் நல்ல பெயர் வாங்கிய ஒரே மனிதப்பிறவி, நான் அறிய, லோன்றி அக்காதான். எங்கள் அரசியல்வாதிகள் எத்தனையோ பேர் முயன்று பார்த்தும் கைகூடாத வித்தை அது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லோன்றியில், அதாவது சலவைக்கூடத்தில், நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளைச் சுருட்டித் தள்ளுவண்டிக்குள் எறிவது அவருடைய வேலை. மட்டக்களப்புக்காரி; பெரும்பாலும் எல்லாரையும் 'மனே', அதாவது மகனே, என்றுதான் கூப்பிடுவார். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. ஐந்தடி உயரம், அதில் அரையடி கொண்டை. எண்பதுகளின் நடுவில் எங்களைப்போல அகதியாக வந்து இறங்கியவர். கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். நாங்கள் இருந்த அதே கட்டடத்தின் கீழ்வீட்டில், வேறொரு பெண்ணோடு அறையைப் பங்குபோட்டுக்கொண்டு, அகதிக் 'கேஸ்' முடியக் காத்திருந்தார்.

காத்திருப்பவர்களுக்கு மற்ற நாட்கள் எப்படியோ வேலையில் ஓடிவிடும். சனிக்கிழமைதான் கொல்லும். யன்னலுக்கு வெளியே பனி, உள்ளே நாலு சுவர், எல்லாரும் ஒரே கதையைத் திருப்பித் திருப்பிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் நாங்கள் நாலைந்து பேர் திரண்டுபோய்ப் பங்குக் கோவில் பாதிரியாரைக் கேட்டோம். அவர் நல்ல மனிதர். கோவிலின் கீழ்த்தள விளையாட்டு மண்டபத்தைச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் தருவதாகச் சொன்னார். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பந்தைக் காலால் தொடக் கூடாது. யன்னல் கண்ணாடிகள் விலை கூடியவை. இரண்டு, குறைந்தது இருபது பேராவது வரவேண்டும். குறைந்தால், இடத்துக்காகக் காத்திருக்கும் இத்தாலிய முதியோர் நடன வகுப்புக்கு மண்டபம் போய்விடும்.

இப்படியாகத்தான், பிறந்த நாள் முதல் உதைபந்தைத் தவிர வேறொன்றும் அறியாத யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் கூடைப்பந்து வீரர்கள் ஆனார்கள்.

நாலு அணிகள். அவரவர் இருக்கிற கட்டடத்துக்கு அவரவர் விளையாடவேண்டும் என்பது சட்டம். அதில் ஒரு ஓட்டை இருந்தது. வீடு மாறக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே மூன்று மட்டக்களப்புக்காரர் இருந்தார்கள். பள்ளிக்கூட நாளிலேயே ஒரே அணியில் கூடைப்பந்து ஆடியவர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவருக்கொருவர் பந்து எறிவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தால், பார்க் எக்ஸ்ரென்சன் பக்கம் குடியிருந்த மன்னார் சவரி சூட்கேசோடு நிற்கிறான். ஆறடி மூன்றங்குலம். கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"உங்கடை ஹீற்றர் நல்லா வேலை செய்யுதாம் எண்டு கேள்விப்பட்டன்."

ஹீற்றரின் புகழ் அதோடு நிற்கவில்லை. அடுத்த கிழமை இன்னும் இரண்டு நல்ல ஆட்டக்காரர் குளிர் தாங்காமல் வந்து சேர்ந்தார்கள். இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர். காலையில் குளியலறைக்கு வரிசை படிக்கட்டு வரை நிற்கும். ஒரு உண்மையையும் இங்கே சொல்லிவிடவேண்டும்: அந்த ஒன்பதில் ஒருவன் நான். எனக்குப் பந்து எறியவும் வராது, பிடிக்கவும் வராது. சொந்தக் காலில் நின்று தோற்பதைவிட வெல்கிறவர்களின் வாங்குப் பலகையில் குந்தியிருப்பது மேல் என்று முடிவுகட்டி, சவரிக்கு ஒரு கிழமை முன்னமே வீடு மாறியிருந்தேன்.

ஞாயிறு பின்னேரங்களில் ரீவியில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து பார்ப்போம். அங்கேயும் அப்போது பச்சைச் சட்டைக்காரரும் மஞ்சள் சட்டைக்காரரும்தான் மாறிமாறிக் கிண்ணம் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சவரி திரைக்கு நேரே விரலை நீட்டுவான்.

"பாத்தியளே! விளையாடுறது பிறகு. முதல்லை ஆக்களைச் சேர்க்கிறதுதான் கெட்டித்தனம்."

சேர்த்ததன் பலனை மற்ற அணிகள் அனுபவித்தன. சந்தைக்காரர் என்று ஒரு அணி. ஜான்-டலோன் சந்தையில் கோவாவும் உருளைக்கிழங்குமாக மரக்கறி மூட்டை இறக்குகிற பெடியன்கள். அவர்களை ஒருநாள் எழுபத்தொன்றுக்கு ஆறு என்று வென்றோம். அந்த ஆறிலும் நாலு, எங்கள் ஆட்கள் அலுப்பில் எங்கள் கூடைக்குள்ளேயே போட்டது. சந்தைக்காரரின் தலைவர் ரத்தினம் அண்ணை ஊரில் உதைபந்துக் கோல்காப்பாளர். பந்தைக் கண்டால் பாய்ந்து, கட்டிப்பிடித்து, அதன்மேல் குப்புறப் படுத்துவிடுவார். விசில் ஊதி எழுப்பவேண்டும்.

எவ்வளவு நாளைக்குத்தான் மனிதன் இப்படித் தோற்பான்? ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு ஓவர்ரைம், ஒருவனுக்குச் சித்தப்பா வந்திருக்கிறார். நாற்பது பேர் வந்த இடத்தில் இருபத்தைந்து, பிறகு பதினெட்டு. ஒரு சனிக்கிழமை பாதிரியார் வாசலில் நின்று, "அன், டு, த்ருவா" என்று பிரெஞ்சில் விரல்விட்டு எண்ணினார். பதினேழில் விரல் நின்றது. ஒரு மாதம் பார்ப்பதாகச் சொல்லி, வருத்தமான முகத்தோடு படியேறிப் போனார். படியிலே இரண்டு இத்தாலியக் கிழவர்கள் மண்டபத்தை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் லோன்றி அக்கா வந்தார். அவர் விளையாட வரவில்லை. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட விரிப்புகளைக் கேட்டு வாங்கி, வெட்டி, பாதிக்கு நீலச் சாயம் போட்டு, எங்களுக்குக் கையில்லாத மேலங்கிகள் தைத்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டுப் போக வந்த இடத்தில் பந்து உருண்டு அவர் காலடிக்குப் போயிற்று. குனிந்து எடுத்தார். சேலைக்கு மேலே குளிர்க்கோட்டு, காலில் பனிச்சப்பாத்து. நின்ற இடத்திலிருந்து, இரண்டு கையாலும் நெற்றிக்கு மேலே தூக்கி ஒரு எறி. கூடைக்குள் விழுந்தது.

"இன்னொருக்கா எறியுங்கோ, அக்கா!"

இன்னொன்று. அதுவும் விழுந்தது. ஏழு பந்து, ஏழும் உள்ளே. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவராம். கூடைக்குக் கிட்ட நின்று எறிவது மட்டுமே அங்கே அவருடைய வேலையாம். அதற்குப் பிறகு லோன்றியில் விரிப்பு எறிந்தே பழக்கம் விட்டுப்போகவில்லை.

சவரி துள்ளிக் குதித்தான். "அக்கா எங்கடை பில்டிங்! அக்கா எங்களுக்கு!"

"நீங்க வெண்டுகொண்டுதானே இரிக்கிறீங்க, மனே? மறுகா நான் என்னத்துக்கு?"

"சட்டம் அக்கா, சட்டம். இருக்கிற பில்டிங்குக்குத்தான் விளையாடவேணும்."

"அப்ப நான் ஆஸ்பத்திரியில குடியிரிக்கன் எண்டு எழுதிக்கங்க. அங்கதான் நான் கூட நேரம் இரிக்கிற."

பிறகு அவர் தன் சட்டத்தைச் சொன்னார். எந்த அணி பின்னுக்கு நிற்கிறதோ, அதற்குத்தான் ஆடுவார். அது முன்னுக்கு வந்தால் அந்த நிமிடமே மற்றப் பக்கம். சமனாக நின்றால் ஒருவருக்கும் இல்லை. சுவரோரம் போய்க் கொண்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நிற்பார். இதற்காக வெள்ளை மேலங்கிக்கு மேல் நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டார். மாறும்போது ஒன்றைக் கழற்றிவிட்டால் போதும் அல்லவா?

பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரை மறிக்க முயன்றவர்கள் அழுதார்கள். வலைப்பந்தில் பந்தோடு நடப்பது தப்பு; அது பழகிய கால், பந்து கைக்கு வந்தால் அசையாது. ஒரு அடி நகர மாட்டார். மற்றவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால், "நடக்கான்! நடக்கான்!" என்று கத்துவார். ஆனால் அவரை மறிப்பது எப்படி? கைகளை விரித்துக்கொண்டு ஒரு அக்காவுக்குக் கிட்டப் போய் நிற்க ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை. சவரிகூட இரண்டு முழம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பான். அவர் ஆறுதலாகக் குறிபார்த்து எறிவார்.

எழுபத்தொன்றுக்கு ஆறு என்ற காலம் போய், இரண்டு புள்ளி மூன்று புள்ளியில் தொங்குகிற ஆட்டங்கள் வந்தன. மற்ற இரண்டு அணிகள் மோதிய நாளொன்றில்தான் அக்கா ஆறு தடவை கட்சி மாறினார். காய்ச்சல்காரருக்குக் காய்ச்சல் விட்டது. சித்தப்பாக்கள் திரும்பிப் போனார்கள்; சிலர் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டே வந்தார்கள். பாதிரியார் எண்ணுவதை விட்டுவிட்டுக் கதிரை போட்டு உட்கார்ந்தார். மண்டபம் எப்போது காலியாகும் என்று பார்க்க வந்த இத்தாலியக் கிழவர்கள், அக்கா கட்சி மாறும்போதெல்லாம் எழுந்துநின்று கைதட்டினார்கள்.

அப்படியும் எங்கள் அணியை யாரும் வெல்லவில்லை. அந்த ஒரு சனிக்கிழமை வரும்வரை.

எங்களுக்கும் சந்தைக்காரருக்கும் ஆட்டம். முதல் கூடையை நாங்கள் போட்டதிலிருந்தே அக்கா அவர்கள் பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்து, கடைசி ஒன்றரை நிமிடம் இருக்கச் சமன் ஆக்கிவிட்டார். உடனே சுவரோரம் போனார், கொண்டையை அவிழ்த்தார். அந்த நேரம் ரத்தினம் அண்ணையிடம் பந்து வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பதறி, கோல்காப்பாளர் எறிவதுபோல ஒற்றைக் கையால் வீசினார். பந்து கூரையைத் தொடப்போய், மனம் மாறி, நேரே கூடைக்குள் இறங்கியது.

சந்தைக்காரர் இரண்டு புள்ளி முன்னுக்கு! அக்கா பாதிக் கொண்டையோடு நீல மேலங்கியை எடுத்தார். நீலம் எங்களுடைய நிறம்.

ரத்தினம் அண்ணை கிட்டத்தட்டக் காலில் விழுந்தார். "அக்கா, இண்டைக்கு மட்டும் போகாதேங்கோ! ஒரு நிமிசந்தானே கிடக்கு!"

"நான் என்ன செய்யிற, மனே? நீங்க வெல்லுறீங்களே!"

முகம் வாடிப்போய்த்தான் வந்தார். ஆனாலும் வந்தார். முடியச் சில நொடி இருக்க, சவரி பந்தைப் பிடித்து நேரே அவருக்கு எறிந்தான். வழக்கமான இடம், வழக்கமான தூரம். அப்போதுதான் ரத்தினம் அண்ணை வெட்கத்தை விட்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய், அவர் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எம்பினார். பந்து அவருடைய விரலுக்கு மேலால் போய், வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. அண்ணை பாய்ந்து அதன்மேல் படுத்தார். ஆட்டம் முடிந்து, நாங்கள் தோற்றோம் என்று விசில் ஊதியும் எழும்பவில்லை. பார்த்தால், படுத்தபடியே அழுதுகொண்டிருந்தார்.

சவரி கொதித்துப்போனான். "வேணுமெண்டுதானே விட்டனீங்கள், அக்கா?"

லோன்றி அக்காவுக்குக் கோபம் வந்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். "எறிஞ்சா நான் போடத்தான் எறிவன். அவன் நல்லா மறிச்சான். அதச் சொல்ல ஒனக்கு வாய் வரல்ல!"

மறுநாள் சவரி ரீவிக்கு முன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். அக்கா மேலே வந்து, ஒன்றும் நடக்காததுபோலப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, இதில கடைசியா வாற ரீமுக்கு என்ன நடக்கும்?"

விளையாட்டைப் பற்றிக் கேட்டால் சவரியால் கோபமாக இருக்க முடியாது. "அவைக்குத்தான் அக்கா நல்ல வாய்ப்பு. அடுத்த வருசம் புதுசா வாற பெடியளிலை முதல் ஆக்களை எடுக்கிறது அடியிலை கிடக்கிற ரீமுகள்தான். பேந்து, ஒரு ரீம் சம்பளமாக் குடுக்கிற காசுக்கும் ஒரு எல்லை இருக்கு. ஒருத்தனே எல்லாரையும் வாங்கிக் குவிக்க ஏலாது."

"அப்ப காசுக்கு விளையாடுறவனே, எதிர்ப்பக்கம் உயிரோட இரிந்தாத்தான் விளையாட்டு எண்டு விளங்கி வெச்சிரிக்கான்."

சவரி ரீவியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னான்: "கிழமை முழுக்கத் தோக்கிறம், அக்கா. இமிகிரேசனிலை தோக்கிறம், வேலையிலை தோக்கிறம். சனிக்கிழமையாவது வெல்லுவம் எண்டுதான்…"

"அவங்களும் கிழமை முழுக்கத் தோக்கிறவங்கதானே, மனே."

அடுத்த சனிக்கிழமை சவரியே எழுந்துநின்று, கட்டடக் கணக்கு இனி இல்லை என்றும், எல்லாரையும் கலந்து புதிதாகப் பிரிப்பதென்றும், அட்டவணையில் அடியில் கிடக்கிற சந்தைக்காரரின் தலைவரே முதல் ஆளை எடுக்கலாம் என்றும் அறிவித்தான். ரத்தினம் அண்ணை அந்த உரிமையை அக்காவிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் வரிசையாக நின்றோம். சவரி இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தான். நான் நிற்கவில்லை. என்னை எடுக்கிற பேச்சே இல்லை என்பதால் வாங்கிலேயே இருந்தேன்.

அக்கா வரிசையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார்.

ரத்தினம் அண்ணை தலையில் கைவைத்தார். "அக்கா! சவரி நிக்கிறான், அக்கா!"

"சவரிய ஆரும் எடுப்பாங்க. இந்தப் பிள்ள ரெண்டு மாசமா வாங்கில குந்திக்கொண்டு இரிக்கான். முதல்ல ஆள எழுப்புவம்."

எழுந்தேன். கால் விறைத்திருந்தது.

அந்த மண்டபம் இன்னும் இரண்டு குளிர்காலம் எங்களிடம் இருந்தது. அதற்குள் அக்காவின் கேஸ் சரிவந்து, கணவரும் பிள்ளைகளும் வந்து இறங்கி, எல்லாருமாக ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரோசார்ட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். சவரி திரும்பவும் பார்க் எக்ஸ்ரென்சனுக்கே போனான். பிறகு அவனும் ரத்தினம் அண்ணையும் ஒரே அணியில் ஆடி எத்தனையோ தடவை தோற்றார்கள், சில தடவை வென்றார்கள்.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது என்னுடைய அந்த முதல் ஆட்டத்தைத்தான். நாங்கள் பின்னுக்கு நின்றதால் அக்கா எங்கள் பக்கம்; கூடைக்குக் கிட்ட என்னை நிறுத்திவிட்டு எனக்குப் பந்தை எறிந்தார். நான் கூடைக்கு எறிந்து தவறவிட்டேன். திரும்பவும் எறிந்தார். திரும்பவும் விட்டேன். ஏழு பந்து இப்படிப் போனபோது, என் அணிக்காரர் நான் நிற்கிற பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். எட்டாவது பந்து அக்காவின் கையில் வந்தது. காலை அசைக்காமல், கண்ணால் மட்டும் மண்டபம் முழுவதும் தேடி, என்னைக் கண்டுபிடித்து எனக்கே எறிந்தார்.

அதுவும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஒன்பதாவது பந்துக்குக் கை நீட்டியபடி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.