லட்டு தின்ற குதிரையும் என் மூன்றாம் இடமும்

பான், மேற்கு ஜெர்மனி,
14 அக்டோபர் 1969.

வேங்கைமலை ஜமீன் குடும்பத்துக்கு மூத்தவரும், தகப்பனாருக்குப் பிறகு எனக்குத் தகப்பனாருமான அண்ணா ரகுநாத துரை அவர்களின் திவ்ய சமூகத்துக்கு, தம்பி பார்த்தசாரதி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் இடது தோள்பட்டை நீங்கலாக நான் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அண்ணி கனகவல்லி அவர்களும் மற்றப் பெரியவர்களும் க்ஷேமமாக இருக்கக் குலதெய்வத்தைப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் தந்தி கிடைத்தது. “ஜமீன் மானம் கப்பலேறிவிட்டது, உடனே புறப்பட்டு வா” என்று கண்டிருந்தது. மானம் ஏறினால் ஏறட்டும், அண்ணா, நான் ஏறுவதாக இல்லை. பின்னாலேயே வந்த கடிதத்தையும் படித்தேன். டாக்டர் நடேசனின் பிள்ளை இங்கிருந்து அனுப்பிய செய்தித்தாள் துண்டைக் கண்டு நீங்கள் கொதித்துப்போயிருக்கிறீர்கள். “இந்திய இளவரசர் குதிரைக்குப் போதைமருந்து கொடுத்தார்” என்று போட்டிருக்கிறான். நான் இளவரசன் இல்லை என்பது எனக்கும் தெரியும். சர்க்கார் ஜமீனை எடுத்துக்கொண்ட பிறகு நமக்கு மிஞ்சியது ஒழுகுகிற அரண்மனையும் யானை இல்லாத யானைக்கொட்டிலும்தான் என்று இவர்களிடம் சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் இளவரசே என்றால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், கூப்பிடுகிறவனுக்கும் ஒரு சந்தோஷம்.

குதிரை ஓட்டுவது சேவகன் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். கூலி வாங்கிக்கொண்டு விழுந்தால் தொழில், வாங்காமல் விழுந்தால் பைத்தியம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அமெச்சூர் சவாரிக்காரன் ஒரு காசு வாங்கக் கூடாது, ஜெயித்தால் ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இங்கே பிரபுக்கள்தான் இப்படி ஓட்டுகிறார்கள். ஆனால் தாங்கள் விஜயதசமிக்கு ஏறுகிறீர்களே, நாலு பேர் நாலு பக்கமும் பிடித்துக்கொள்ள, முன்னால் நாதஸ்வரம், பின்னால் குடை, அந்தக் குதிரையும் தூங்கிக்கொண்டே நடக்கிறதே, அதற்குப் பெயர் சவாரியா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ரொம்ப நாளாக மனசில் கிடந்தது, கேட்டுவிட்டேன்.

என் சவாரியைக் கேளுங்கள். இன்ஜினீயரிங் படிக்க அனுப்பினீர்கள், படிப்பு வரவில்லை, குதிரை வந்தது. வாரநாளில் ஒரு கம்பெனியில் இயந்திரக் குறிப்புகளை மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறேன், விடியற்காலையில் லாயத்துக்குப் போய்விடுவேன். வேலியும் பள்ளமும் தாண்டுகிற பந்தயம்தான் எனக்குப் பிடித்தது. முதல் பந்தயத்தில் குதிரை வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று, நான் இந்தப் பக்கமே தங்கிவிட்டேன். அடுத்ததில் காறை எலும்பு முறிந்தது. அதற்கடுத்ததில் நான் விழவே இல்லை, கடைசி வேலியருகே இன்னொருத்தன் விழுந்தான், என் குதிரை மரியாதை தெரிந்தது, அவன் எழுந்திருக்கட்டும் என்று நின்றுவிட்டது. ஒரு தடவை நான் தண்ணீர்ப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க, குதிரை மட்டும் முதலாவதாக வந்து கைதட்டல் வாங்கிற்று. இப்படியே விலா, முழங்கால், மறுபடியும் விலா. ஆஸ்பத்திரியில் எனக்கென்று ஒரு ஜன்னலோரக் கட்டில் இருக்கிறது. எனக்கு நாற்பத்தேழு வயசாகிறது, ஒரு பந்தயத்தையாவது குதிரைமேலேயே உட்கார்ந்து முடித்தவன் என்று ஆகவேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அப்படியிருக்க, போன மாசம் ஹில்டகார்ட் அம்மாள் தன்னுடைய குதிரையைக் கொடுத்தாள். அவள் ஒரு பிரபுவின் விதவை, காது கேட்காது, என்மேல் நம்பிக்கை ஜாஸ்தி. குதிரை பெயர் பெர்லே. முத்து என்று அர்த்தம், நான் முத்து என்றே கூப்பிடுவேன், வரும். பந்தயத்தன்று காலையில் அண்ணி அனுப்பிய பார்சல் வந்தது. அண்ணி தன் கையாலேயே பிடித்து, நம் பெருமாளுக்கு நைவேத்யம் செய்த லட்டு. “ஏறுமுன் வாயில் போட்டுக்கொள்” என்று சீட்டு வேறு. நானோ ஓட்டுகிறவனுக்கு எடை போடுவார்கள் என்பதற்காக முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீரில் ஏகாதசி. தின்றால் எடை ஏறும். பிரசாதத்தைத் தூக்கி எறியலாமா, நீங்களே சொல்லுங்கள்! கண்ணில் ஒற்றிக்கொண்டு முத்து வாயில் போட்டேன். ஆசையாய்த் தின்றது. இன்னொன்று கேட்டது. கொடுத்தேன்.

அண்ணா, அன்றைக்கு நாங்கள் ஓடினோம் பாருங்கள்! வேலி வேலியாய்ப் பறந்தது குதிரை. முன்னால் போனவர்களில் இரண்டு பேர் விழுந்தார்கள், அதற்கு நான் என்ன செய்ய. மூன்றாவதாய்க் கோட்டைத் தாண்டினேன். குதிரைமேலேயே இருந்தேன்! முத்துவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். மூன்றாவது வந்தவனுக்கும் சின்னதாய் ஒரு வெள்ளிக் கிண்ணம் உண்டு, கொடுத்தார்கள். அந்த வாரம் பூராவும் அதில்தான் ரசம் குடித்தேன்.

அப்புறம்தான் வந்தது வினை. பந்தயம் முடிந்ததும் முத்துவின் எச்சிலை எடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள், கற்பூரம் என்று வந்துவிட்டது. யூனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி செய்கிற நம் சேஷாத்ரியிடம் ஓடினேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, “சார், லட்டுல பச்சைக் கற்பூரம் போடுவாளே! அது ஹார்ட் ஸ்டிமுலன்ட் சார், ரேஸ்ல பேன்டு லிஸ்ட்ல இருக்கு. குதிரைக்குப் போய் யாராவது பிரசாதம் குடுப்பாளா?” என்றார். “மனுஷனுக்குக் குடுக்கலாம், முத்துவுக்குக் குடுக்கப்படாதா?” என்று கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாமிடத்தை ரத்து செய்தார்கள். கிண்ணத்தை ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார், கழுவித்தான் கொடுத்தேன். மாசக் கடைசியில் கமிட்டி விசாரணை. தோற்றால் லைசென்ஸ் ஆயுசுக்கும் கிடையாது.

இதற்குத் தாங்கள் சொல்லும் யோசனை, லாயக்காரன் ஹெர்மன்மேல் பழியைப் போட்டுவிட்டு ஊருக்கு வா என்பது. நம் அரண்மனையில் சரவிளக்கு உடைந்தாலும் வேலைக்காரன், நெய் குறைந்தாலும் வேலைக்காரன். அது நம் வழக்கம், இங்கே நடக்காது. ஹெர்மன் நான் விழும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு போனவன். அவன்மேல் சொல்ல என் நாக்கு புரளாது. நான்தான் கொடுத்தேன், பிரசாதம்தான் கொடுத்தேன் என்று கமிட்டி முன்னால் நிமிர்ந்து நின்று சொல்லப்போகிறேன். யார் தயவும் எனக்கு வேண்டியதில்லை. ஜமீன் முத்திரையும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம், உங்கள் வேங்கைமலையும் வேண்டாம். உசிர் இருக்கிறவரைக்கும் இங்கேதான், குதிரைமேலேதான். என்னைத் தலைமுழுகிவிட்டதாக ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சின்னவர்களுக்கு ஆசீர்வாதமும். அண்ணியிடம் லட்டு நன்றாக இருந்ததாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
இனி யாருக்கும் அடங்காத
பார்த்தசாரதி

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் கமிட்டிக் காரியதரிசி வந்துவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னேன், சிரிக்கிறார் மனுஷர். “கற்பூரம் அந்துப்பூச்சிக்கு வைப்பது, இனிப்பில் யார் போடுவார்கள்?” என்கிறார். லட்டு பிடித்தவரே நேரில் வந்து சொல்லி, அதே கையால் பிடித்த லட்டையும் பரிசோதனைக்குக் கொடுத்தால், இது தெரியாமல் நடந்தது என்று லைசென்ஸை விட்டுவிடுவார்களாம், மூன்றாமிடத்தையும் யோசிப்பார்களாம். ஆகவே அண்ணி வரவேண்டும். அண்ணி தனியாகச் சந்தைக்குக்கூடப் போனதில்லை, ஆகவே நீங்களும் வரவேண்டும். ஜமீன் முத்திரையையும் கையோடு எடுத்து வாருங்கள், இவர்கள் முத்திரை என்றால் எழுந்து நிற்கிறார்கள். மேலே எழுதியதை எல்லாம் படித்துக்கொண்டிருக்காதீங்க, நேரமில்லை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை கோட்டைத் தாண்டினேன், அண்ணா. அது நடக்கவே இல்லைன்னு எழுதி வச்சுட்டாங்கன்னா என்னால தாங்க முடியாது. உங்ககிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்லுவேன்? கோபத்தோடயே வாங்க, பரவாயில்லை. ஏர்போர்ட்டுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.