புலி எந்தப் பக்கம்?

மேசையின் தலைப்பக்கம் குமாஸ்தா. எதிரே அவர் மனைவி. மடியில் பொத்தான் அறுந்த சட்டை, பல்லிடுக்கில் ஊசி. வாசல் நிலையில் சாய்ந்தபடி மனைவியின் தம்பி; வேலை டயர் கடையில்தான், ஆனால் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதால் வீட்டில் அவன் பெயர் வக்கீல். தெருவைப் பார்த்த ஜன்னலோரம், நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு மாமியார். காற்றடித்தால் தடதடக்கும் அந்த மாடி ஜன்னல்கூட அன்று சமர்த்தாக இருந்தது.

ஆக, விசாரணைக்கு எல்லாரும் ஆஜர்.

"கதையோட கடைசிப் பக்கத்தைக் கிழிச்சது யாரு?" என்றார் குமாஸ்தா.

"நாங்க கிழிக்கல," என்றார் மாமியார், எல்லாருக்கும் சேர்த்து. மனைவி ஊசியோடு தலையாட்டினாள்.

குமாஸ்தா புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். தபால்வழிப் பட்டப்படிப்பின் பாடப் புத்தகம். அதன் கடைசிக் கதை, பேர்போன பழைய வேட்டைக் கதை. நாள்கணக்கில் புலியைத் தேடிய வேட்டைக்காரன், ஒரு மரப்பாலத்தில் அதை நேருக்கு நேர் சந்திக்கிறான். துப்பாக்கியில் ஒரே தோட்டா. 'விசையில் விரலை வைத்தான். புலி கண்ணிமைக்கவில்லை.' அவ்வளவுதான். அதற்கப்புறம் கிழிந்த தாளின் ஓரம் மட்டும் பல்லிளித்தது.

கேள்வியோ, 'வெல்வது இயல்புணர்வா, பகுத்தறிவா? கதையின் முடிவைக் கொண்டு ஆராய்க.' கட்டுரை இன்றைய மாலைத் தபாலில் போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்ட பாடம். இதுவும் போனால், அவரிடம் வேலை கற்றுக்கொண்டவனே தலைமைக் குமாஸ்தா நாற்காலியில் உட்காருவான். அவனிடம் இவர் லீவு கேட்க வேண்டும்.

"இயல்புணர்வுன்னா என்ன மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"பொறக்கும்போதே வர்ற புத்தி, அத்தை."

"பகுத்தறிவு?"

"யோசிச்சு வர்ற புத்தி."

"ரெண்டும் புத்திதானே. ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் புலி நிக்கிற பாலத்துக்கு எவனாவது போவானா?"

அன்று குமாஸ்தா பகுத்தறிவுக் கட்சி. முறையாகத் தேடினால் கிடைக்காத பொருள் கிடையாது என்று அறிவித்துவிட்டு, அறை அறையாக இறங்கினார். மாமியார் உட்கார்ந்திருந்த மூலையை மட்டும் மரியாதைக்காக விட்டுவிட்டார். அலமாரியில் கீழ்த்தட்டில் தொடங்கி ஏறினார். மேல்தட்டைத் தொட்டதும் அது மொத்தமாக இறங்கி வந்தது. வந்த வேகத்தில் மைப்புட்டியை, எழுதிக் காயவைத்திருந்த கட்டுரையின் முற்பாதியில் கவிழ்த்தது.

"கிடைச்சுதா அத்தான்?" என்றான் வக்கீல்.

"இருந்ததும் போச்சு."

தளரவில்லை. கூடப் படிக்கும் மருந்துக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"நல்ல வேளை கூப்பிட்டீங்க," என்றார் அவர். "நான் புத்தகமே வாங்கல. நீங்க எழுதுறதையே நானும் எழுதிடுறேன். புலி செத்துச்சா?"

"இருங்க. சொல்றேன்."

இப்போது புலியை நம்பி இரண்டு பட்டங்கள்.

மனைவி ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள். "சுட்டுட்டான்னு எழுதிடுங்க. நல்லபடியா முடியட்டும்."

"யாருக்கு நல்லபடியா? புலிக்கும் குடும்பம் குட்டி இருக்கும்ல," என்றான் வக்கீல்.

"உனக்கே இன்னும் ஒரு பொண்ணு அமையல. புலி குடும்பத்தைப் பத்திப் பேச வந்துட்டான்," என்றாள் மனைவி.

"தோட்டா நமுத்துப் போயிருக்கும்," என்றார் மாமியார், தெருவைப் பார்த்தபடியே. "அத்தனை நாள் காட்டுப் பனியில கிடந்தா என்ன ஆகும்?"

குமாஸ்தாவின் பேனா எழுந்தது. மறுபடி முதலிலிருந்து மூச்சுவிடாமல் எழுதினார். முடிவுக்கு வந்ததும், சட்டென்று கட்சி மாறி இயல்புணர்வுக்கு வெற்றியைக் கொடுத்தார். 'இதை ஆசிரியர் கடைசிப் பக்கத்தில் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறார்: "தோட்டா நமுத்திருந்தது, புலி நமுக்கவில்லை."'

மனைவி எட்டிப் பார்த்தாள். "இப்படியா எழுதியிருக்காரு?"

"எழுதாம எங்க போயிடுவாரு?"

அதே வரியை மருந்துக் கடைக்காரருக்கும் வாசித்தார். "மேற்கோள் குறியோட போடுங்க. ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

உறையில் போட்டார், பசை தடவி அழுத்தினார், மாடிப்படி இறங்கி ஓடினார். வீட்டுக்கு எதிரிலேயே தபால் பெட்டி. தபால்காரர் அதைப் பூட்டிக்கொண்டிருந்தார். குமாஸ்தா நீட்டிய உறையைப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டி, வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மனைவி மேலே ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். "ஏங்க, போயிடுச்சா?"

"போயிடுச்சு," என்றார் குமாஸ்தா, ஜன்னலுக்குக் கீழே வந்து, புலியை வென்றவர் போல.

ஜன்னல் இடுக்கிலிருந்து, பட்டையாக மடித்த தாள் ஒன்று அவர் காலடியில் விழுந்தது. பிரித்தார். ஒரு பக்கம் கிழிந்த ஓரம், புத்தகத்தில் பல்லிளித்ததற்கு ஜோடி. முன்பக்கம் வெள்ளை. திருப்பினார். பின்பக்கமும் வெள்ளை.

"அத்தை," என்றார். தாளைத் தூக்கிக் காட்டினார்.

மாமியார் எட்டிப் பார்த்தார்.

"அதுவா? ஜன்னல் ஆடுதேன்னு நான்தான் சொருகி வச்சேன். கதை அதுக்கு முன்தாளிலேயே முடிஞ்சு போச்சே மாப்பிள்ளை. எழுத்து இருக்கிற தாளைக் கிழிக்க நான் என்ன படிக்காதவளா?"